எதிராளிக்கு ஒரு பக்கம்

முதுகலை ஆங்கிலம் படிக்கப் போகும்வரை எனக்குத் தெரிந்த ஒரே உரைநடை மனுதான். ஆம்பூரில் நாங்கள் குடியிருந்த தெருவுக்கு வேண்டிய மனுக்களைப் பள்ளி நாள்களிலிருந்தே நான் எழுதிவந்தேன். ஆழ்குழாய்த் தண்ணீர் மஞ்சளாகி உப்புக் கரித்தபோது ஒன்று, குடிநீர் லாரி எங்கள் பக்கம் வராமல் போனபோது இன்னொன்று. மனுவுக்கென்று ஒரு முறை உண்டு. பெறுபவரை முதலில் பெருமைப்படுத்த வேண்டும். பிறகு துன்பங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். எதிர்த்தரப்பு என்று ஒன்று இருப்பதாகவே காட்டிக்கொள்ளக் கூடாது. தோல் பதனிடும் ஆலைகளால் தண்ணீர் கெட்டது என்று எழுதினால், கையெழுத்துப் போட யாரும் வரமாட்டார்கள். தெருவில் பாதிப் பேர் அந்த ஆலைகளிலோ, அவற்றின் தோலை வைத்துச் செருப்புத் தைக்கும் கம்பெனிகளிலோ வேலை பார்த்தார்கள். ஆகவே எங்கள் மனுவில் தண்ணீர் தானாகவே கெட்டுப்போயிருக்கும். கடைசி வரியில் ஆவன செய்யும்படி பணிந்து கேட்டுக்கொள்வோம்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், ஆம்பூரிலிருந்து காட்பாடி வரை பாசஞ்சரிலும் அங்கிருந்து டவுன் பஸ்ஸிலுமாக வேலூர்க் கல்லூரிக்குப் போய்வந்தேன். இரண்டாம் ஆண்டில் அமெரிக்க இலக்கியம் ஒரு பாடம். அதில் தேர்வைத் தவிர ஒரு நீண்ட ஆய்வுக் கட்டுரையும் எழுத வேண்டும். அந்த மதிப்பெண் சேர்ந்தால்தான் முதல் வகுப்பு; முதல் வகுப்பு இருந்தால்தான் அதே துறையில் எம்.ஃபில். இடம். எனக்கு அந்த இடம் வேண்டும். வீட்டில் சம்பாதித்தவர் அம்மா ஒருவர். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கும் வரிசையில் உட்கார்ந்து என்னைப் படிக்கவைத்தார்.

நான் எடுத்துக்கொண்டது பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கட்டுரையாளர் ஒருவரை. தீங்கு செய்யும் ஏற்பாட்டில் பங்குகொள்கிறவர் பிறரைத் திருத்தப் புறப்படுமுன் தம் கையை அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது அவருடைய கட்சி. பாலாற்றுப் பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் மணலுக்கு நடுவே ஓடிய நுரைத்த கழிவு நீரைப் பார்த்துக்கொண்டு போனவளுக்கு, அந்த வாக்கியங்கள் எனக்காகவே எழுதப்பட்டவைபோல் இருந்தன. ஒரே மூச்சில் கட்டுரையை எழுதினேன். துறைத் தலைவர் படித்துவிட்டு, “பிரமாதம்மா. இப்படியே டைப் பண்ணிக் குடுத்துடு” என்றார்.

டைப் செய்யக் கொடுப்பதற்கு முன் அரக்கோணத்துத் தோழி ஒருத்தி வாங்கிப் படித்தாள்.

“இன்னாடி இது, கலெக்டருக்கு எழுதின மாதிரி இருக்கு?”

“ஏன்?”

“மேல ஐயாவுக்கு வணக்கம், நடுவுல அழுகை, கீழ கும்பிடு. ‘இப்படிக்கு உண்மையுள்ள’ மட்டும்தான் பாக்கி. அதையும் போட்டுட்டா கையோட திங்கக்கிழமை மனு நாள்ல குடுத்துட்டு வந்துடலாம்.”

சிரித்தோம். ஆனால் திரும்பும் வண்டியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் சொன்னது உண்மை. அந்தக் கட்டுரையாளரைப் பக்கத்துக்குப் பக்கம் போற்றியிருந்தேன். நதியின் துயரத்தை அடுக்கியிருந்தேன். அவர் சொல்வது சரிதான் என்பதற்கு ஒரு காரணமும் தரவில்லை. அதே பாடத்தில் இன்னொருவரைப் படித்திருந்தோம்: அடிமையாகப் பிறந்து, தப்பி வந்து, எழுதக் கற்றுக்கொண்டவர். அடிமை முறைக்கு ஆதரவாக எசமானர்கள் சொன்ன நியாயங்களை அவர் மறைக்கவே இல்லை. எதிராளி தானே எழுதியிருந்தால்கூட அவ்வளவு நன்றாக எழுதியிருக்க மாட்டான் என்னும்படி எடுத்துவைத்து, அதன் பிறகே ஒவ்வொன்றாக உடைத்தார். அவரை மறுபடி எடுத்து, எதிராளிக்கு எங்கே இடம் விடுகிறார், எந்த இடத்தில் ஒப்புக்கொள்கிறார், எங்கே திரும்புகிறார் என்று பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொண்டே போனேன். வாதம் எழுதுவது எப்படி என்று நான் கற்றது அந்தக் குறிகளிலிருந்துதான்.

என் கட்டுரைக்கு எதிராளி யார்? தேடிப் போக வேண்டியிருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்து அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கட்டுரையின் சாரத்தைத் தமிழில் சொன்னேன்.

“அந்த ஆளு முடிவா இன்னாதான் சொல்றாரு?”

“தப்பு நடக்குற எடத்துல நாம வேல செஞ்சா, அந்தத் தப்புல நமக்கும் பங்குதான். அதனால வெளிய வந்துடணும்னு சொல்றாரும்மா.”

“வந்துட்டு?”

நான் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்கத் தொடங்கினேன்.

“அவருக்குப் படிக்க வெக்கப் பொண்ணு கிண்ணு இருந்துச்சா?”

“இல்ல. கல்யாணமே ஆகல.”

“ஒண்டிக்கட்ட. பேசுவாரு. நாளைக்கே நான் கம்பெனிய விட்டு நின்னுடறேன்னு வையி. ஆத்துல நுரை நின்னுடுமா? என் மிஷின்ல வேற ஒருத்தி வந்து குந்திக்குவா. நுரை அப்படியேதான் இருக்கும். நிக்கறது உன் படிப்புதான்.”

எனக்குக் கோபம் வந்தது. நதியைப் பற்றி அவருக்குக் கவலை இல்லையா என்று கேட்டேன். “அந்தத் தண்ணியில சோறாக்கறது நான்தான், நீ இல்ல” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

அம்மாவின் வாதத்தை ஒரு முழுப் பக்கத்துக்கு எழுதினேன். வலுக்குறையாமல் எழுத வேண்டும் என்று எனக்கு நானே கட்டளையிட்டுக்கொண்டேன். எழுதி முடித்தபோது என் கட்சி செத்துவிட்டதுபோலத் தோன்றியது. அவருடைய வாதத்துக்குப் பல நாள் எனக்குப் பதில் வரவில்லை. வந்தபோது, நான் முதலில் பிடித்திருந்த கட்சியே மாறியிருந்தது. தீங்கிலிருந்து கையை எடு என்னும் கட்டளை தவறன்று. அது யாருடைய வாசலில் முதலில் வைக்கப்படுகிறது என்பதைக் கட்டுரையாளர் கேட்கத் தவறிவிட்டார். பட்டினி கிடக்காமல் விலகக் கூடியவர்கள் இருக்கிறார்கள்: ஆலையின் லாபத்தை எடுத்துப்போகிறவர், கடல் கடந்த ஊரில் அந்த ஷூவை மலிவாகக் கேட்டு வாங்குகிறவர். அவர்கள் விலகாதவரை, கழிவு நீரின் பொறுப்பைத் தையல் வரிசையில் இருப்பவளின் மனச்சாட்சியில் ஏற்றுவது அநியாயம் மட்டுமன்று, வாதத்தில் ஓட்டையும்கூட. இவ்வாறு முடித்தேன்.

துறைத் தலைவர் புதிய கட்டுரையை வகுப்பிலேயே விரித்தார்.

“நல்லா இருந்தத ஏம்மா கெடுத்து வெச்சிருக்க?”

“முன்ன எழுதினதுல வாதம் இல்ல சார்.”

“உலகமே படிக்கிற ஆளு. அவருக்கு ஆம்பூர்ல ஷூ தெக்கிறவங்க பதில் சொல்றாங்களா? அடிக்குறிப்புல இன்னா போடுவ? ‘எங்க அம்மா, ஆம்பூர்’னா?”

பின்வரிசையில் பெரிய சிரிப்பு.

“ஆமா சார். அவங்ககிட்ட கேட்டுட்டேன். பேரு மட்டும் வேணாம், கம்பெனியில பேஜாராயிடும்னாங்க. மத்ததப் போட்டிருக்கேன். கடைசிப் பக்கத்துல இருக்கு, பாருங்க.”

அவர் பார்க்கவில்லை. “உங்க அம்மா பேசற அந்த ஒரு பக்கத்த எடுத்துட்டு முடிவப் பழையபடி மாத்திடு. மார்க்குக்கு நான் பொறுப்பு” என்று மட்டும் சொன்னார். கெட்ட மனிதர் அல்லர். அவருக்குத் தெரிந்த வழியில் எனக்கு நன்மைதான் செய்ய நினைத்தார்.

ஒரு வாரம் இரு பக்கமும் நிறுத்துப் பார்த்தேன். பக்கத்தை எடுத்தால் முதல் வகுப்பு, எம்.ஃபில்., பிறகு ஒரு கல்லூரி வேலை, அம்மாவுக்கு மிஷினிலிருந்து ஓய்வு. எடுக்காவிட்டால் இவற்றில் எதுவும் உறுதியில்லை. விலை கொடுக்கப்போவது நான் மட்டுமல்ல என்பதும் தெரிந்தது. ஆனால் அந்தப் பக்கம் இல்லாத கட்டுரை என்ன சொல்கிறது? ஆலைத் தோலைத் தொடும் ஒவ்வொரு கையும் குற்றமுள்ளது என்கிறது. அந்தக் கைகளில் இரண்டு என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டுகின்றன. பதில் சொல்ல அம்மாவுக்கு ஒரு வரிகூடத் தராமல் அவர்மீது தீர்ப்பெழுதி, அதைக் காட்டிப் பட்டம் வாங்க எனக்கு மனமில்லை. பக்கத்தை அப்படியே டைப் செய்து கொடுத்தேன்.

முதல் வகுப்பு சிறு வித்தியாசத்தில் போயிற்று. முடிவு வந்த அன்று துறைத் தலைவர் வராந்தாவில் நிறுத்தினார்.

“அந்த ஒரு பக்கத்த எடுத்திருந்தா இன்னிக்கு சீட்டு உன் கையில.”

“எடுத்திருந்தா அது உங்க கட்டுரை சார்.”

அவர் தம் அறைக்குத் திரும்பிப் போனார். சொன்னதைத் திரும்பப் பெற நான் விரும்பவில்லை.

வீட்டில் அதைவிடக் கடினமான விசாரணை காத்திருந்தது. அம்மா டியூட்டி முடிந்து வந்து, விரல்களை நீவியபடி கேட்டார்.

“போச்சா?”

“போச்சு.”

“நான் சொன்னத எழுதினதாலயா?”

“ஆமா.”

“அறிவு இருக்காடி? எடுத்துட வேண்டிதானே. நான் சொன்னத நான் தெனம்தான் சொல்லிக்கிட்டு இருக்கேன். காகிதத்துல இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னா?”

“காகிதத்துல இல்லன்னா அந்த ஆளு மாதிரி பேசறவங்க பதில் சொல்ல வேண்டியதே இல்லம்மா.”

“இப்ப மட்டும் சொல்லிட்டாங்களா?”

சொல்லவில்லை. அதை ஒப்புக்கொண்டேன். அவர் எழுந்து அடுப்பைப் பற்றவைக்கப் போனார். அவருடைய கோபம் நியாயமானது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். என் முடிவும் நியாயமானதே.

ஜூனில் சத்துவாச்சாரியில் ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் ஆங்கில ஆசிரியையாகச் சேர்ந்தேன். சில ஆண்டுகள் கழித்து, புதிய நூற்றாண்டு பிறந்த பிறகு, அஞ்சல் வழியில் எம்.ஃபில். படிக்க விண்ணப்பித்தேன். ஆய்வுத் தலைப்பு கேட்ட இடத்தில் அதே கேள்வியை, தீங்கிலிருந்து விலகும் செலவு யாருடையது என்பதை, எழுதினேன். மேற்பார்வையாளராக வந்த பேராசிரியை தலைப்பைப் படித்துவிட்டு, இது இலக்கியமா சமூகவியலா என்று கேட்டார்.

“எங்க ஊர்ல இருந்து படிச்சா இரண்டும்தாங்க மேடம்” என்றேன். ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் முழுவதையும் எதிராளியின், அதாவது அம்மாவின், வாதத்துக்குக் கொடுத்தேன்.