வெர்லனின் புது உறை

வெர்லன் டிட்வெல் தீவனக் கடையில் வேலை பார்ப்பவர். கிழக்கு டெக்சாஸில் எங்கள் பக்கம் மாடு வைத்திருக்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டே உங்கள் கன்றுக்குட்டியின் வயிற்றுப்போக்கை அக்கறையாக விசாரிப்பார். மனுஷன் தங்கம். ஆனால் எதை எங்கே வைத்தோம் என்பது மட்டும் அவருக்கு நிற்காது. ஒருமுறை டிரக் சாவியைத் தீவன மூட்டைக்குள் விட்டுத் தைத்து, அந்த மூட்டையை விற்றும் விட்டார்.

இப்பேர்ப்பட்டவரும் கோய் என்கிற நானும் எங்கள் சர்ச்சின் காவல் குழுவில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமை வாசலில் நின்று வருகிறவர்களைக் கட்டிப்பிடித்து வரவேற்போம். எங்கள் சட்டைக்குள் பிஸ்டல் இருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர்களிலும் பாதிப் பேரிடம் இருக்கும். யாரிடம் இருக்கிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை, அது மரியாதை இல்லை.

கட்டிப்பிடிக்கிறவர்களின் விலாவில் பிஸ்டல் இடிக்கிறது என்று வெர்லன் போன மாதம் அதற்குப் புது உறை ஒன்று வாங்கினார். பெல்ட்டுக்கும் கீழே, அடிவயிற்றோடு ஒட்டிக் கிடக்கிற துணிப்பை. சட்டையை உள்ளே செருகினாலும் வெளியே ஒரு மேடு தெரியாது. எனக்குப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"யோவ், இது துப்பாக்கி உறையா, கால் சாக்ஸா? விசைய மூடுற இடம் கெட்டியா இருக்கணும்யா. துணி மடங்கி விசையில சிக்கிச்சுன்னா வெடிக்கும். எதுல வெடிக்கும்னு வேற நான் சொல்லணுமா?"

"நெல்டாவுக்கு இனிமே அதனால நஷ்டம் ஒண்ணும் இல்ல, கோய்" என்று தன் மனைவியை வம்புக்கு இழுத்தார். "ஆனா சொகம்னா சொகம்டா. போட்டிருக்கிறதே மறந்துபோகுது."

"அதுதான்யா என் பயமே. கக்கூஸ் போனா என்ன பண்ணுவ?"

"வெளிய எடுத்து வெச்சிட்டு உக்காருவேன். இதோட உக்கார முடியாதே."

"அப்ப தூக்கிப் போடு. எந்நேரமும் உறைக்குள்ளயே இருக்கணும், அதான் உறை."

கேட்டாரா? கேட்டால் அவர் வெர்லன் இல்லை.

ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லோருக்கும் சாப்பாடு. புகையில் வாட்டிய மாட்டிறைச்சி, பீன்ஸ், நெல்டா சுட்ட பீக்கன் பை என்கிற கொட்டைப் பலகாரம். நான் இரண்டாவது தட்டோடு உட்காரும்போது, போதகர் ஹாஸ்கல் கழிப்பறையிலிருந்து வந்து கதவைச் சாத்தி அதன்மேல் சாய்ந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. என்னைக் கண்ணால் கூப்பிட்டார்.

ஆண், பெண், குழந்தை எல்லோருக்கும் அந்த ஒரே கழிப்பறைதான். உள்ளே போனதும் கவிழ்ந்து கிடந்த வாளி காலில் இடித்தது. திட்டிக்கொண்டே அதை ஓரம் தள்ளினேன். காகிதச் சுருள் வைக்கும் பலகைமேல் ஒரு பிஸ்டல். எடுத்துப் பார்த்தேன், குண்டு போட்டுத் தயாராக இருந்தது. கறுப்பாக, மெலிசாக, என்னிடம் இருப்பதைப் போலவே. ஊரில் பாதிப் பேரிடம் அதுதான். குண்டுகளை உருவிவிட்டு அதை என் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

போதகர் மைக்கைப் பிடித்தார். "அன்பானவங்களே, யாரோ ஒரு பொருள கழிப்பறையில விட்டுட்டு வந்துட்டீங்க. என்ன பொருள்னு நான் சொல்லப்போறதில்ல."

சொல்லவே வேண்டியிருக்கவில்லை. கூடம் முழுக்கக் கைகள் இடுப்புக்குப் போயின. சிலர் கணுக்காலைத் தொட்டார்கள், பெண்கள் கைப்பைக்குள் துழாவினார்கள். பியானோ வாசிக்கிற கிழவிகூட மார்பைத் தடவிக்கொண்டாள். நானும் தட்டிப் பார்த்தேன். அப்புறம் எல்லா முகத்திலும் ஒரு நிம்மதி. வெர்லன் அடிவயிற்றைத் தட்டிவிட்டு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். "எவன்யா அந்த மறதி மன்னன்?"

எல்லோருடையதும் அவரவரிடம் இருக்கிறது, ஆனால் ஒன்று மிச்சம். இது என்ன கணக்கு?

"வெளியாள் யாராவது உள்ள வந்தாங்களா?" என்று போதகர் கிசுகிசுத்தார்.

"வாசல்ல நாங்கதானே நின்னோம், யாரும் வரல."

"அப்ப இது வானத்துலருந்து குதிச்சுதா, கோய்?"

எவனோ உள்ளே புகுந்து ஒளிந்திருக்கிறானோ என்று பயந்து குழந்தைகளை ஒரு பக்கமாகக் கூட்டச் சொன்னேன். அப்போதுதான் வெர்லனின் பேத்தி பிரைலி வெறுங்காலோடு ஓடிவந்தாள், பூட்ஸ் கையில் இருந்தது.

"மொதல்ல பூட்ஸ மாட்டுடி" என்று அவள் காலைப் பிடித்துத் திணித்தாள் நெல்டா.

"பாட்டி, தாத்தா போன் கக்கூஸ்ல மேல இருக்கு. கேம் ஆடலாம்னு எடுக்கப் பாத்தேன், எட்டல."

"போனையும் விட்டுட்டாரா உங்க தாத்தா? அதானே பாத்தேன்" என்று நெல்டா தன் போனிலிருந்து அவர் எண்ணை அழுத்தினாள்.

சேவல் கூவியது. வெர்லனின் பெல்ட்டுக்குக் கீழேயிருந்து கூவியது.

கூடமே குலுங்கிச் சிரித்தது. வெர்லன் சிரிக்கவில்லை. பேன்ட்டுக்குள் கையை விட்டு, பிஸ்டல் இருக்க வேண்டிய பையிலிருந்து போனை எடுத்தார். அது அவர் உள்ளங்கையில் கூவிக்கொண்டே இருந்தது.

"ரெண்டையும் பலகை மேலதான் வெச்சேன்... ஒண்ண எடுத்து உள்ள செருகினேன்... கனமாத்தானே இருந்துச்சு, கோய்?" என்று என்னையே கேட்டார். நான் கையிலிருந்த பிஸ்டலைக் காட்டினேன். சிரிப்பு ஒவ்வொரு மேசையாக நின்றது. நெல்டா பேத்தியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெர்லன் பேத்தியின் முன் முழங்காலிட்டார். "எப்படிடா கண்ணு எடுக்கப் பாத்த? தாத்தாவுக்குக் காட்டு."

அவள் குஷியாக அவரைக் கழிப்பறைக்கு இழுத்துப் போனாள். நாங்களும் பின்னால் போனோம். நான் ஓரம் தள்ளிய வாளியை அவளே பலகைக்குக் கீழே நகர்த்தினாள், மேலே ஏறினாள், கையைத் தூக்கினாள். விரல்கள் நாலும் பலகைமேல் பட்டன.

"ஐ! இப்ப எட்டுது தாத்தா! பூட்ஸ் போட்டா எட்டுது!"

பிஸ்டல் என் கையில்தான் இருந்தது, பலகை காலி. ஆனாலும் வெர்லன் அந்தச் சின்ன விரல்களைப் பிடித்துப் பலகையிலிருந்து இழுத்தார்.