லண்டன் துறைமுகத்தில் ஓர் ஆரத்தி

சென்ற மாதம் வாஷியில் என் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது தொலைக்காட்சியில் ஒரு தொடர் ஓடிக்கொண்டிருந்தது. ஜப்பானியக் கரையில் ஒதுங்கிய ஐரோப்பிய மாலுமி ஒருவன், பிரபுக்களின் போட்டிக்கு நடுவே வாளேந்தும் வீரனாக மாறுகிறான். “ஆச்சி, இது பூரா ஜூட்டா ஸ்டோரி” என்றான் பேரன். முழுப் பொய்யில்லை; மாலுமியின் பெயர்தான் கற்பனை. அவனுக்குப் பின்னால் மெய்யாகவே ஒரு மனிதன் வாழ்ந்தான் என்பதை நான் ஒன்பதாவது வயதில், தமிழ்த் தொழிலாளர்கள் குடியிருந்த மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் அறிந்துகொண்டேன். அறிந்த விதத்தை இன்று நினைத்தாலும் நெஞ்சு திடுக்கிடுகிறது.

என் தந்தையார் துறைமுகக் கிடங்கில் வேலை பார்த்தவர், ஆங்கிலம் அறியாதவர். உடன் வேலை செய்த ஒருவர் இதே கதையைச் சொல்லும் தடித்த ஆங்கில நாவல் ஒன்றை மதிய உணவு வேளைகளில் இந்தியில் சொல்லக் கேட்டு, அதைச் செந்தமிழ் நாடகமாக எழுதிவிட்டார். முடிவை மட்டும் தம் விருப்பப்படி அமைத்துக்கொண்டார். பொங்கல் விழாவில் எங்கள் பகுதி மன்றம் அதை அரங்கேற்றுவதென முடிவாயிற்று.

மன்றத்தில் ஒரு விதி உண்டு. மேடையில் கணவன் மனைவியாக நடிப்பவர்கள் வீட்டிலும் கணவன் மனைவியாகவே இருத்தல் வேண்டும். இல்லையேல் அந்தப் பெண் மறுநாள் குழாயடியில் தலைகாட்ட முடியாது. ஆகவே நாயகனாகச் சித்தப்பாவும், இங்கிலாந்தில் காத்திருக்கும் மனைவியாகச் சித்தியும், மகளாக நானும் தேர்வானோம். நாயகன் விரும்பும் ஜப்பானியச் சீமாட்டியின் வேடத்துக்கு அவ்விதிப்படி எந்தப் பெண்ணும் பொருந்தாமையால், முனையில் சலூன் வைத்திருந்தவர் மீசையைத் தியாகம் செய்து முன்வந்தார்.

சித்தப்பா உண்மையிலேயே கப்பல்காரர். சரக்குக் கப்பலில் ஜப்பானின் கோபே துறைமுகத்துக்குப் போய்வருவார். மணமாகிப் பல்லாண்டுகள் ஆகியும் அவர் வீட்டில் தங்கிய காலம் சொற்பம். பிள்ளைகள் இல்லை. அம்முறை வந்தபோது, இனிக் கடலுக்குப் போவதில்லை, அப்பாவுடன் கிடங்கில் சேர்ந்துவிடுகிறேன் என்று வாக்களித்திருந்தார். சித்தி அந்த வாக்கைப் பற்றிக்கொண்டு வாழ்ந்தார். “பொங்கலு கழிஞ்சதும் கப்பல விட்டுருவாக” என்று, எவரும் கேளாமலேயே, குழாயடியில் எல்லோரிடமும் சொல்லுவார்.

நாடகத்தின் இறுதிக் காட்சியில் மாலுமி லண்டன் துறைமுகத்தில் வந்திறங்குவான். பட்டும் குங்குமமுமாக மனைவி ஆரத்தி எடுப்பாள். லண்டனில் ஆரத்தி உண்டா என்று எவரும் ஐயுறவில்லை. ஒத்திகையில் சித்தப்பா இடைமறித்தது வேறு காரணத்துக்காக.

“அண்ணே, அவன் திரும்பி வரவே இல்ல.”

“எவன்ல?”

“நெசமான ஆளு. ஜப்பான்ல யோக்கோசுக்கா பக்கம் ஒரு குன்னுல அவனுக்கு ஒரு கல்லும் அவன் பொண்டாட்டிக்கு ஒரு கல்லும் நிக்கி. நானே போய்ப் பாத்தேன்.”

“பொண்டாட்டி லண்டன்லலா இருக்கா?”

“இது அங்க கெட்டுனவ.”

சித்தப்பா முழுவதையும் சொன்னார். அம்மனிதன் ஆங்கிலேயன், டச்சுக் கப்பலின் வழிகாட்டி. கரை சேர்ந்தபோது எழுந்து நிற்க வலுவிருந்தவர் சிலரே. கடற்கொள்ளையர் என்று கொல்லச் சொன்ன, முன்பே அங்கிருந்த போர்த்துகீசியப் பாதிரிமார்களின் பேச்சைக் கேளாமல், நாட்டின் பெருந்தலைவன் அவனிடம் கப்பல் கட்டும் வித்தையைப் பெற்றான். இரு வாள்களும் நிலமும் தந்து, தன் தலைநகரான எடோவில் வீடும் கொடுத்தான். ஊருக்குப் போக மட்டும் விடவில்லை. ஜப்பானிலேயே ஒருத்தியை மணந்தான். ஒரு மகனும் ஒரு மகளும் பிறந்தார்கள். பல ஆண்டுகள் கழித்து ஊர் திரும்ப விடை கிடைத்தது. அவன் போகவில்லை. சாகும்போது சொத்தை இரு குடும்பங்களுக்கும் சரிபாதியாக எழுதிவைத்தான்.

“ரெண்டு பொண்டாட்டிக்காரன வீரன்னு மேடையேத்துனா நம்ம சனம் செருப்பக் கழத்தும்ல!” என்றார் அப்பா.

“அப்பம் நான் தாலி கெட்டுனவளா, கெட்டாதவளா? அதுக்குத் தக்கன சேலை உடுத்தணும்லா அண்ணாச்சி” என்றார் சலூன்காரர்.

சித்தி மட்டும் சிரிக்கவில்லை. “போகலாம்னு சொன்ன பொறவுமா போவல?” என்றார். சித்தப்பா தரையைப் பார்த்தார். முடிவை மாற்றுவதில்லை என்று அப்பா தீர்ப்பளித்தார்.

அரங்கேற்றத்தன்று மைதானம் நிரம்பி வழிந்தது. தார்ப்பாயில் வரைந்த கப்பலின் முன் ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. சித்தி தட்டில் கற்பூரம் ஏற்றி நின்றார். புதுக் கவுனில் நான் அருகே நின்றேன். தலைக்குமேல் மைக் தொங்கியது. சித்தப்பா பலகையில் இரண்டடி வைத்து நின்றுவிட்டார்.

“பெருந்தலைவர் விடை கொடுத்தார். ஆயினும் நான் வரவில்லை. அங்கே எனக்கு ஒரு வீடு இருக்கிறது. ஒரு மகன் இருக்கிறான்.”

இது அப்பா எழுதிய வசனமன்று. “எறங்குல! எறங்கித் தொலல!” என்று திரைக்குப் பின்னாலிருந்து அப்பாவின் உறுமல் கேட்டது. முன்வரிசைப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

சித்தி தட்டைச் சுற்றவில்லை. வீட்டில் பேசும் குரலிலேயே கேட்டார்: “கோபேயிலயா?”

மைக் அதை மைதானத்தின் கடைசி வரைக்கும் கொண்டுபோயிற்று. எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது. இத்தனை ஒத்திகைக்குப் பிறகும் ஊரின் பெயரைத் தவறவிடுவதா?

“கோபே இல்ல சித்தி, எடோ!” என்று உரக்கத் திருத்தினேன். சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தப்பா என்னைப் பார்க்காமல், சித்தியை நோக்கி மெல்லத் தலையசைத்தார். சித்தி எரிகின்ற கற்பூரத்தின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தி அணைத்தார். நான் அலறிவிட்டேன். அவர் அலறவில்லை.

அடுத்த வாரம் சித்தப்பா கப்பலேறினார். பின்னர் வரவே இல்லை. நாடகத்தைக் கெடுத்ததற்கு அப்பா அடிப்பார் என்று அஞ்சித்தான் ஓடிவிட்டார் என்று பள்ளியில் எல்லோரிடமும் சொன்னேன். ஒருநாள் சித்தியிடமும் போய், அப்பாவின் கோபம் தணிந்துவிட்டது, சித்தப்பாவை வரச்சொல்லி எழுதுங்கள் என்றேன்.

“சரிட்டீ, எழுதுதேன்” என்றார்.

எழுதவில்லை. வலக்கையில் கட்டு இருக்கிறதல்லவா, அது அவிழ்ந்ததும் எழுதிவிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.