பாலைவனச் செடிக்கு ஏசி

எளாவூர் செக்போஸ்ட்டில், உச்சி வெயிலில், லாரிகளுக்கு நடுவே எங்கள் வேன் நிற்கிறது. முன்னால் எனக்கும் டிரைவருக்கும் வேர்வை ஊற்றுகிறது. பின்னால், ஆராய்ச்சிக்கு நான் கொண்டுபோகும் பாலைவனக் கன்றுகளுக்கு ஏசி. பார்க்கப் பார்க்க வயிறு எரிகிறது.

"இன்னா மேடம், பாலைவனத்துச் செடிக்கு ஏசியா? நாம இங்க வெந்துகினு கீறோம்."

"இதுங்க பனிக்காலத்துல முளைக்கிற செடிங்க. சூடு ஏறினா இலை சாப்பாடு தயாரிக்கிறதையே நிறுத்திடும். பின்கதவைத் திறந்துடாதீங்க."

"வெயில்ல எனக்குந்தான் சோறு எறங்கல" என்று டிபன் பாக்ஸோடு போய்ப் பின்னால் ஏறிக்கொள்கிறார். என் பொறாமை கன்றுகளை விட்டு அவர்மேல் தாவுகிறது.

சட்டை உலர்ந்து திரும்பி வருகிறார். "செடிங்கோ நல்லா கீது மேடம். நீங்களும் ஒரு தபா செக் பண்ணிட்டு வாங்க."

அவர் சொல்லி முடிப்பதற்குள் செருப்பைத் தேடுகிறேன்.