வெயில் மேல் போட்ட பழி

தி.நகரில் ஒரு துணிக்கடையின் மொட்டைமாடிக் கிடங்குக்குத் துணி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த அம்மாசி, மே மாதத்து மதியம் ஒன்றில் சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அவன் மனைவி தேசம்மா அதே கடையின் கீழ்த்தளத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள். விஷயம் அவள் காதுக்கு எட்டியபோது அவனை ஏற்றிய ஆட்டோ கிளம்பியிருந்தது.

துக்கம் விசாரிக்க வந்த கடை மேலாளர், கோட்டூர்புரத்தில் ஆற்றோரம் இருந்த அவள் வீட்டு வாசலில் நின்றபடியே சொன்னார்: "என்னம்மா பண்றது? உலகமே சூடாயிட்டு வருதாம். யாரைக் குத்தம் சொல்றது?"

அன்றிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டாலே தேசம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பக்கத்து வீட்டு ஜான்சி, "பூமி சூடாவுதாங்க்கா, அதான் ஊரெல்லாம் மயக்கமும் காய்ச்சலுமா கீது" என்றால் போதும், சீறுவாள்.

"கதை வுடாத. அக்னி நட்சத்திரத்துல வெயில் அடிக்காம பனியா பெய்யும்? என் வூட்டுக்காரன் இந்த வெயில்லதான் காலம்பூரா மூட்டை தூக்கினான்."

செய்த தப்பை மறைக்கப் பெரிய மனிதர்கள் கட்டிவிட்ட கதை அது என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுவருடம் கோடை தொடங்கும் முன், வெயில் நோய்களைப் பற்றிச் சமுதாயக் கூடத்தில் ஒரு கூட்டம். ஜான்சி அவளையும் இழுத்துக்கொண்டு போனாள். தபஸ்ஸும் என்ற டாக்டரம்மா, வருடத்துக்கு வருடம் ஏறும் சூட்டை உடம்பு தாங்காது என்று சொன்னதும் தேசம்மா எழுந்துவிட்டாள்.

"அதே வெயில்தானே மொதலாளிக்கும் அடிச்சுது? அவரு சாவலியே! குடிக்கத் தண்ணிகூட வைக்காம என் புருசனைத் தகர ஷீட்டுக்கு அடியில வேலை வாங்கினாங்க. அத்த வுட்டுட்டு பூமி மேல பழி போடுறீங்க. எல்லாம் பொய்மா!"

தபஸ்ஸும் மேடையிலிருந்து இறங்கி அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"தண்ணி வைக்காதது தப்புதான்மா. அதை நீங்க விடாதீங்க. ஆனா சூடு ஏறுறதும் நிஜம். ஏறுதுன்னு தெரிஞ்சும் தண்ணி வைக்கலன்னா, அந்தத் தப்பு கொறையுமா?"

வீடு திரும்பும் வழியெல்லாம் ஜான்சிதான் பேசிக்கொண்டு வந்தாள். தேசம்மாவின் நினைப்பில் அம்மாசி இருந்தான். 'இந்த வருசம் வேற மாதிரி காயுது, தேசம்மா' என்று சாவதற்குச் சில நாள் முன்பு அவனே சொன்னது உண்டு. வெயிலை ஒப்புக்கொண்டால் கடைக்காரர்களை மன்னித்ததாகிவிடும் என்று பயந்துதான், அவன் சொன்னதையே நெஞ்சுக்குள் அமுக்கி வைத்திருந்தாள்.

மறுநாள் மூட்டை தூக்குகிறவர்களைக் கூட்டிக்கொண்டு மேலாளர் எதிரில் போய் நின்றாள்.

"மாடியில தண்ணி வையுங்க சார், ஃபேன் போடுங்க. உச்சி வெயில்ல யாரையும் மேல அனுப்பாதீங்க."

மேலாளர் மழுப்பினார். அன்று மதியம் ஒருவரும் மாடி ஏறவில்லை. மூட்டைகள் படிக்கட்டடியில் குவிந்தன. அந்த வாரமே தண்ணீர் கேன் வந்தது, பழைய மின்விசிறி ஒன்றும் வந்தது. மதிய வேலையை மட்டும் இன்றுவரை நிறுத்தவில்லை. தேசம்மாவும் கேட்பதை நிறுத்தவில்லை.

"இப்பவாவது நம்புறியாக்கா?" என்று ஜான்சி கேட்டாள்.

"வெயிலை நம்புறேன்டி. அத்த சொல்லிக்கினு வர்றவன் யாருன்னு பாத்துட்டுதான் மீதியை நம்புவேன்."