நாலு நாள் என்று சொல்லிவிட்டேன்

திரும்பும் தேதி போடாத விமான டிக்கெட் ஒன்று என் கையில் இருந்தது. அப்படியொரு வசதி எனக்கு அதற்கு முன்பும் கிடைத்ததில்லை, பிறகும் கிடைக்கவில்லை. கிடைத்த ஒரே தடவையும் நானே கெடுத்துக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. ஒரகடத்தைச் சுற்றி இன்றைக்கு நிற்கிற கம்பெனிகளெல்லாம் அப்போது கிடையாது. வடக்குப்பட்டிலிருந்து சைக்கிள் மிதித்து ஸ்ரீபெரும்புதூர் பக்கம் பல்சக்கரம் வெட்டுகிற ஒரு பட்டறைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். முதலாளி ஆஸ்திரியாவில் பழைய மெஷின் ஒன்றை வாங்கினார். அதைக் கழற்றிப் பெட்டியில் அடைக்கும்போது கூடவே நின்று பார்த்தவன்தான் இங்கே அதைத் திரும்பப் பூட்ட முடியும் என்று என்னை அனுப்பி வைத்தார்.

"கழட்ற வேலை ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும். கப்பல்ல மெஷின் வந்து சேர ஒரு மாசத்துக்கு மேல ஆவும். அதுவரைக்கும் உனக்கு இங்க இன்னா வேலை? உங்க அக்கா அங்கதான கீது? கூட இருந்துட்டு வா. வர்ற தேதிய நீயே போட்டுக்கோ" என்றார்.

அக்கா வியன்னாவில் நர்ஸாக இருந்தாள். கன்னியாஸ்திரீகள் மூலமாகப் போனவள். போய்ப் பதின்மூன்று வருஷம் ஆகியிருந்தது. முதலில் ஒப்பந்தம் விடவில்லை, பிறகு விசா விடவில்லை, அதற்குப் பிறகு என்ன விடவில்லை என்று நாங்கள் கேட்பதை நிறுத்திவிட்டோம். அப்பா இறந்தபோதும் அவள் வரவில்லை. என்னைவிட ஐந்து வயது மூத்தவள். என் சட்டைக்குப் பொத்தான் மாட்டி, முகத்தைத் துடைத்து, பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவள். எனக்கு உடன்பிறப்பு என்று வேறு யாரும் இல்லை. அவளோடு மூன்று வாரம் இருப்பது என்று ரயிலில் வியன்னாவுக்குப் போகும்போது முடிவு செய்தேன். இருபத்தொரு நாள். விரல் விட்டு எண்ணிப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். வந்தவர்களிடம் எத்தனை நாள் இருப்பீர்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம். கேட்டால் வாசலைக் காட்டுகிறோம் என்று அர்த்தம். அவர்கள் கிளம்புகிற அன்று காலையில் அம்மா அவர்களுடைய பையை எடுத்து ஒளித்துவிடுவாள். பெரும்பாலும் நெல் குதிருக்குப் பின்னால்தான். வந்தவர் "என் பை எங்க? பஸ்ஸு போயிடும்!" என்று கத்துவார். குதிருக்குப் பின்னால் இருப்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கோழிக்கூடு வரைக்கும் போய்த் தேடிவிட்டு வந்து, ஒரு நாள் கூடுதலாகத் தங்குவார். ஒரு தடவை அம்மா காய்ச்சலில் படுத்திருந்ததால் அத்தை புருஷனின் பையை யாரும் ஒளிக்கவில்லை. மனுஷன் இரண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

வியன்னா ஸ்டேஷனில் பழுப்புக் கோட்டு போட்ட ஒருத்தி என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். யாரோ என்று நினைத்துத் தாண்டிப் போய்விட்டேன்.

"டேய், நல்லா கீறியாடா?" என்றாள் பின்னாலிருந்து.

பேச்சு மட்டும் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று இருந்தபடியே இருந்தது. பெட்டியை ஒரு பக்கம் அவள் பிடிக்க, மறுபக்கம் நான் பிடிக்க, வெளியே வந்தோம். டிராம் நிற்கிற இடத்துக்குக்கூடப் போய்ச் சேரவில்லை, அதற்குள் கேட்டாள்.

"எத்தன நாள் இருப்ப?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. அப்போது முப்பது வயது. பதின்மூன்று வருஷம் கழித்துப் பார்க்கிறவள் கேட்கிற கேள்வியா இது என்று சுருக்கென்றது.

"நாலு நாள்" என்றேன்.

ஏன் நாலு? தெரியாது. வாயில் வந்தது. 'நாலு நாளா? இன்னாடா சொல்ற?' என்று அவள் சண்டை பிடிப்பாள், கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு பிறகு இறங்கி வரலாம் என்பதுதான் என் கணக்கு. அவள் என் முகத்தைப் பார்த்தாள். "சரி" என்றாள். பக்கத்தில் இருந்த டெலிபோன் பூத்துக்குள் போய் யாரிடமோ ஜெர்மனில் சுருக்கமாகப் பேசிவிட்டு வந்தாள்.

அவள் வீடு மூன்றாவது மாடியில், ஓர் அறையும் சமையலறையும். ஜன்னலுக்கு இரட்டைக் கண்ணாடி. கீழே டிராம் போவது தெரியும், சத்தம் வராது. எனக்காக யாரிடமோ கட்டில் இரவல் வாங்கிப் போட்டிருந்தாள். ஊரிலிருந்து எப்போதோ வந்த புளியைப் பத்திரப்படுத்தி வைத்திருந்து ரசம் வைத்தாள். அதைச் சாப்பிட்டபோதே நான் வாயைத் திறந்திருக்கலாம்.

அன்று சாயங்காலமே விமானக் கம்பெனி ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த பெண் என் டிக்கெட்டில் தேதி இருக்க வேண்டிய கட்டத்தின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டி, தேதியை எழுதிக் கொடுத்தாள். அக்கா அதை வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் தந்தாள். பிறகு அரண்மனை பார்த்தோம், பெரிய கோயில் பார்த்தோம். ஒவ்வொரு காலையிலும் "இன்னிக்கு எங்க போலாம்?" என்று கேட்பாள். வழிகாட்டி டூரிஸ்ட்டைக் கேட்கிற மாதிரி இருக்கும். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, அம்மாவின் முட்டிவலியைப் பற்றியும் செம்பரம்பாக்கம் ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்பதைப் பற்றியும் பேசினோம். தனியாக ஓட்டலில் தங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வெறிச்சென்று இருந்திருக்காது.

மூன்றாம் நாள் கல்லறைத் திருநாள். ஊரில் அம்மா அப்பாவின் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றியிருப்பாள். அக்கா என்னை அந்த ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். கண்ணுக்கெட்டியவரை கல்லறைகள், எல்லாவற்றிலும் பூ, சிவப்புக் கண்ணாடிக் கூட்டுக்குள் விளக்கு. ஓரமாகப் பாசி பிடித்துக் கிடந்த ஒரு கல்லுக்கு முன்னால் மண்டியிட்டு அவளும் விளக்கு ஏற்றினாள்.

"யாருது இது?"

"தெரியலடா. யாரும் வர்றதில்ல இதுக்கு. அப்பா போனதுலருந்து நான் இங்கதான் ஏத்துறேன்."

நானும் மண்டியிட்டேன். இருந்துவிடுகிறேன் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் வராது. குளிரில் பல் கிட்டிப்போயிருந்தது என்று சாக்கு சொல்லலாம். உண்மை அதில்லை. அவள் முதலில் கேட்கட்டும் என்று இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அவள் குளிக்கப் போனாள். தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனபோது சுவரில் இருந்த காலண்டரை முதல் தடவையாகச் சரியாகப் பார்த்தேன். நான் வந்த நாளிலிருந்து நாலு கட்டம் மட்டும் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டிருந்தது. அதற்கடியில் பென்சில் கோடு ஒன்று, ரப்பரால் அழித்த தடம். விரலை வைத்துத் தொடர்ந்து பார்த்தேன். அந்த வாரம் முடிந்து அடுத்த வாரம், அதற்கும் அடுத்த வாரம் என்று இருபத்திரண்டாவது கட்டம் வரை போயிற்று. நான் விரல் விட்டு எண்ணியதைவிட ஒரு நாள் அதிகம். டெலிபோன் பூத்தில் அவள் ஆஸ்பத்திரிக்குப் பேசி, லீவைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் புரிந்தது.

புரிந்த பிறகாவது சொன்னேனா? சொல்லவில்லை. மறுநாள் காலையில் பையைக் கட்டி, நடையில் அவள் கண்ணில் படுகிற மாதிரி வைத்துவிட்டு, சும்மா நடந்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கினேன். அரை மணி நேரம் தெருவைச் சுற்றினேன். ஒரு பையை ஒளிக்க அரை மணி நேரம் தாராளம். திரும்பும்போது இரண்டிரண்டு படியாக மாடி ஏறினேன்.

பை வைத்த இடத்திலேயே இருந்தது. பல் தேய்ந்த ஜிப்பு திறந்துகொள்ளாமல் கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தாள். மேலே வழிக்குச் சாப்பிட ரொட்டிப் பொட்டலம்.

"லேட்டாவுதுடா, கெளம்பு" என்றாள்.

ஊர் வந்து சேர்ந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள். "இன்னாடா, அதுக்குள்ள வந்துட்ட? அவ இருன்னு சொல்லலியா? பைய ஒளிச்சு வெக்கலியா?"

"ஒளிச்சா. பால்கனில. நான்தான் தேடி எடுத்துகினு வந்தேன். வேலை கீதில்ல" என்றேன்.

அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று அத்தனை பேரிடமும் சொன்னாள். அதோடு விட்டிருக்கலாம். அம்மாவுக்கு எழுதத் தெரியாது, அக்காவுக்குக் கடிதம் நான்தான் எழுத வேண்டும். "தம்பி பையை பால்கனியில் ஒளித்து வைத்தாயாமே, நீ என் மகள்தான் என்று எழுதுடா" என்றாள். என் பொய்யை என் கையெழுத்திலேயே அக்காவுக்கு எழுதிப் போட்டேன்.

ஒரு மாதத்தில் பதில் வந்தது. அதை அம்மாவுக்கு உரக்கப் படிக்க வேண்டியவனும் நானே. உடம்பு சுகம், குளிர் அதிகம் என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் எழுதியிருந்தாள்: 'ஆமாம் அம்மா, பால்கனியில்தான் வைத்தேன். எப்படியோ கண்டுபிடித்துவிட்டான்.' அந்த வரியிலேயே நிறுத்திவிட்டேன். "இன்னாடா நிறுத்திட்ட, இன்னொருவாட்டி படி" என்றாள் அம்மா.

மெஷின் வந்தது. பூட்டினேன். ஒரு திருகுகூட மிச்சமில்லாமல் பூட்டினேன் என்று முதலாளி முதுகில் தட்டினார்.

அம்மா இறந்த அடுத்த வருஷம், எண்பதுகள் முடியப் போகிற சமயத்தில், அக்கா ஊருக்கு வந்தாள். மீனம்பாக்கத்திலிருந்து டாக்ஸியில் கூட்டி வந்தேன். அவளுக்கு எதையும் நேராகக் கேட்டால்தான் பிடிக்கும், அந்த ஊர் வழக்கம் அது என்று அதற்குள் நான் ரொம்பப் பக்குவப்பட்டுவிட்டதாக நினைப்பு. பட்டறையில் லீவு வேறு சொல்ல வேண்டியிருந்தது. படப்பை தாண்டும்போது கேட்டேன்.

"எத்தன நாள்க்கா இருப்ப?"

அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆறு நாள்" என்றாள்.

"சரி" என்றேன்.

மறுநாள், மெட்ராஸில் ஒரு வேலை இருக்கிறது, நீ வர வேண்டாம் என்று தனியாகப் போய் வந்தாள். மற்ற நாட்களில் அம்மா கல்லறைக்குப் போனோம், சொந்தக்காரர்களைப் பார்த்தோம். கிளம்புகிற அன்று காலையில் பையைக் கூடத்தில் நடுவாக வைத்துவிட்டு, கல்லறைக்கு ஒரு எட்டு போய் வருகிறேன் என்று போனாள். நான் பையைத் தூக்கினேன். குதிர் வரைக்கும் போனேன். பாஸ்போர்ட் உள்ளே இருக்கிறது, விமானம் இருக்கிறது, அங்கே வேலை இருக்கிறது, விளையாட்டா இது என்று திரும்பக் கொண்டுவந்து எடுத்த இடத்திலேயே வைத்தேன். அவள் வந்து, செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்று, பையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

விமான நிலையத்தில் வரிசையில் நிற்கும்போது டிக்கெட்டை எடுத்தாள். தேதி இருக்கிற கட்டத்தின் மேல் சின்ன ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருந்தது. அதே மாதிரி ஸ்டிக்கர். மெட்ராஸில் அவளுக்கு என்ன வேலை இருந்தது என்று தெரிந்துவிட்டது.

"தேதி போடாமயா வந்த? ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"நீதான்டா வண்டியிலேயே எத்தன நாள்னு கேட்டுட்ட" என்றாள். வரிசை நகர்ந்தது. குனிந்து பையை எடுத்துக்கொண்டாள்.