“மூணு மாசத்துக்கு முன்னாடி என்ன நடந்துச்சு?”

செவ்வாய்க்கிழமை காலை குடோன் பூட்டில் சாவியை நுழைத்தபோது ஏலாக்குறிச்சியிலிருந்து போன் வந்தது. அமலோற்பவம் அக்காவின் மகன். “அம்மா போயிட்டாங்க மாமா. விடியக்காலம் மூச்சு முட்டிடுச்சு” என்றான். சாவியைத் திருப்பாமல் நின்றேன்.

அரியலூரில் என் முடிக் குடோனை அறிந்தவர்களுக்கு அக்காவையும் தெரியும். ஊர் ஊராக வாங்கும், சீப்பில் உதிர்ந்து சேர்ந்த முடியைச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரிக்கும் பெண்களுக்கு அவர்தான் தலைமை. நான் சைக்கிளில் முடி வாங்கித் திரிந்த நாளிலிருந்து கூட இருந்தவர். என்னைத் தம்பி என்பார். கோபம் வந்தால் மொதலாளி.

முன்பு ஒருமுறை கீழப்பழுவூரிலிருந்து ஒரு பெண் பெரிய முடி உருண்டையோடு விற்க வந்தாள். அக்கா அதை விரலால் நெருடிப் பார்த்து, “மூணு மாசத்துக்கு முன்னாடி பிரசவமா, காய்ச்சலா?” என்றார்.

“புள்ள பெத்தேன். ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“ஒன் முடிதான்.”

உடம்பு பட்ட பாடு மூன்று மாதம் கழித்து முடியில் உதிரும் என்பதை இப்படிப் பல பெண்களைக் கேட்டுக் கேட்டே தெரிந்துகொண்டார். பெரம்பலூரில் ஒரு தோல் டாக்டரிடமும் போய்ச் சரிபார்த்துவிட்டு வந்தார்.

அதே கேள்வி ஒருநாள் என் வீட்டுக்குள் வந்தது. மகள் செல்வியின் கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருந்தது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, குளியலறையில் தண்ணீர் போகும் வழியே அடைத்துக்கொண்டது. வகிடு அகலமாகிவிட்டது. குடோனில் இருக்கும் நல்ல முடியில் உச்சிக்கு ஒரு ஒட்டுமுடி செய்துவிடலாம், மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியவேண்டாம் என்று தலை அளவெடுக்க அக்காவை அழைத்துப்போனேன்.

அவர் டேப்பை எடுக்கவில்லை. தரையில் கிடந்த முடியை ஜன்னலோரம் பிடித்துப் பார்த்தார்.

“இது ஒடஞ்ச முடி இல்ல தம்பி. முனையில வெள்ளையா ஒரு பொட்டு இருக்கு பாருங்க. தானா ஓஞ்சு விழுந்தது. மூணு மாசத்துக்கு முன்னாடி வூட்ல என்ன நடந்துச்சு?”

என் மனைவி அடுப்படிக்குள் போய்விட்டாள். செல்வி என்னைப் பார்த்தாள்.

பெண் பார்க்க வந்தபோது, பொண்ணு கொஞ்சம் பூசினாப்புல இருக்கு என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லியிருந்தார். அன்று மாலையே செல்வியின் தட்டை நகர்த்தி வைத்து, கல்யாணம் வரைக்கும் ஒருவேளைச் சாப்பாடுதான் என்று சொன்னவன் நான்.

“நான்தான்க்கா” என்றேன்.

“மொதலாளி, ஒவ்வொரு முடிக்கும் தனித்தனிக் காலம். சில வருசம் வளரும், கொஞ்ச மாசம் ஓஞ்சு நிக்கும், விழும், அதே குழியில புதுசு மொளைக்கும். ஒடம்பப் பட்டினி போட்டா ஏகப்பட்டது ஒண்ணா ஓஞ்சிடும். அதுதான் இப்ப விழுது. சோத்தப் போடுங்க, திரும்ப வரும்.”

பயத்தில் எனக்கு வாய் நீண்டது; அக்காவுக்கே உச்சியில் முடி மெலிந்திருந்தது. “ஒங்க உச்சியில மட்டும் வரலியேக்கா?”

“இது எங்கம்மா குடுத்தது. வேரு சுருங்கிச் சுருங்கி ஒவ்வொரு தடவையும் மெலிசா மொளைக்குது. எனக்கு வேரே கெழவியாயிட்டு. இவளுக்குத் தூங்குது, அவ்வளவுதான்.”

“சரி, இப்போதைக்கு ஒட்டுமுடி செஞ்சு குடுங்க.”

“மாட்டேன். அத வச்சிட்டா ஒங்களுக்கு மறைக்க வசதி. இவ பட்டினியாவே கெடப்பா.”

வேறு ஆளை வைத்துச் செய்துகொள்கிறேன் என்றேன். அதற்குள் செல்வி மாப்பிள்ளைக்குப் போன் போட்டுவிட்டாள். எங்கள் முன்னாலேயே பட்டினி, முடி எல்லாவற்றையும் சொன்னாள். நிச்சயித்த கல்யாணம் என் கண்ணெதிரில் முறிகிறது என்றே நினைத்தேன். பிறகு மாப்பிள்ளை கேட்டது எங்களுக்கும் கேட்டது: “இப்ப சாப்புடுறியா?”

“இனிமேதான்” என்றாள். அக்காவே எழுந்துபோய்ச் சோறு போட்டு வந்தார்.

வகிடு தெரியவே செல்வி மணவறையில் உட்கார்ந்தாள். சில மாதம் கழித்து அவள் நெற்றியோரம் குட்டி முடிகள் குத்திட்டு நின்றதை முதலில் கண்டவரும் அக்காதான்.

அடக்கத்துக்குச் செல்வி கனத்த பின்னலோடு வந்திருந்தாள். திரும்பும் பஸ்ஸில் நான் மூன்று மாதம் பின்னால் போய்ப் பார்த்தேன். “மூச்சு வாங்குது தம்பி, ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வரேன்” என்று அன்று குடோனில் அக்கா எழுந்தார். “இந்த லோடு போயிடட்டும்க்கா” என்றேன். உட்கார்ந்துவிட்டார். அடுத்த லோடுக்கும் அதையே சொன்னேன்.

அவருடைய கேள்வியை நான் வைத்துக்கொள்கிறேன். இனி என்னிடம் அதைக் கேட்க வேறு ஆள் இல்லை. நேற்று சிக்கெடுக்கும் பெண் ஒருத்தி விடாமல் இருமினாள். வெளியே லாரி நின்றது. “லோடு நிக்கட்டும், எந்திரிங்க, டாக்டர்கிட்டப் போவோம்” என்றேன். அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டியது.