தங்கமுலாமும் மூன்று எட்டும்

நிப்பை மையில் தோய்த்து, தாளில் எட்டு போட்டுக்கொண்டே போகிறான் துலுக்காணம். படுத்த எட்டு. ஒரு நிப்புக்கு மூன்று, அதற்கு மேல் கிடையாது. மூன்றாவது முடிகிறபோது தலையைச் சாய்த்துக் காதைத் தாளுக்கருகே கொண்டுபோவான். தாளிடம் ரகசியம் கேட்கிறான் என்று சக தொழிலாளிகள் கேலி செய்வார்கள். பிறகு நிப்பு இரண்டு டப்பாக்களில் ஒன்றில் விழும். வலது தேறியது, இடது கழிவு.

திருவள்ளூர் ஸ்டேஷனுக்குப் பின்னாலுள்ள தகரக் கொட்டகையில் எஃகு நிப்புக்குத் தங்கமுலாம் பூசுகிறார்கள். வெல்வெட் பெட்டியில் ஏறிக் கல்யாணப் பரிசாகப் போகும் பேனாக்களுக்கானவை. கடம்பத்தூரிலிருந்து ரயிலில் வரும் துலுக்காணத்திடம் அப்படி ஒரு பேனாகூட இல்லை. அபிப்பிராயம் மட்டும் நிறைய உண்டு. ஆள் பாதி, ஆடை பாதி என்பது மேஸ்திரி ஆதிகேசவனின் கட்சி. நிறம் ஏறட்டும் என்று நிப்பை முலாம் தொட்டியில் கூடுதல் நேரம் ஊறவிடுவார். இவனுக்குப் பொறுக்காது.

"மினுக்குறது கண்ணுக்கு மேஸ்திரி, எய்துறது மொனைக்கு. முலாம் தடிச்சி நடுவெட்டு அடைச்சிக்கினா மை எப்டி எறங்கும்? மொனையில திட்டு நின்னா காயிதத்தக் கீறும். பெரிய மன்ஷன் கையெய்த்துப் போட சொல்லோ கீறிச்சின்னா நம்மளத்தான் திட்டுவான்."

மை இறங்காததைக் கண்ணே சொல்லிவிடும். கீறலை விரல்தான் சொல்ல வேண்டும். அறுபத்தெட்டாம் வருஷம் இந்த மேசைக்கு வருமுன் ஒன்பது வருஷம் தங்கத் தொட்டியருகே நின்றவன் துலுக்காணம். ரப்பர் கையுறை கொடுக்கத்தான் செய்தார்கள். கையுறையோடு நிப்பைக் கம்பியில் கோக்க வராது, நழுவும் என்று கழற்றி ஆணியில் மாட்டியவன் அவனே. யாரை நோவது? தொட்டி மருந்து பட்டுத் தோல் வெடித்தது, புண் ஆறியது, போன வருஷத்தோடு விரல்நுனிகளில் உணர்ச்சியே அற்றுப்போனது. அன்றிலிருந்து காதை வைத்துப் பிழைக்கிறான்.

மனைவி செண்பகத்துக்கு மட்டும் தெரியும். கொதிக்கும் சோற்றை அவன் கூசாமல் பிசைவதைப் பார்த்து அழுதவள் அவள். "வாயத் தொறக்காத. தெரிஞ்சா தொட்டிக்கே திருப்பி அனுப்புவானுங்க, இல்லாங்காட்டி ஊட்டுக்கு" என்று அவளை அடக்கி வைத்திருந்தான்.

போன வாரம் பட்டணத்துக் கடையிலிருந்து ஒரு பெட்டி திரும்பி வந்தது. எழுதினால் கீறுகிறதாம். இன்று காலை முதலாளியே நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துவிட்டார். நல்லதும் கெட்டதும் கலந்து பத்து நிப்பு. பிரித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் பாலிஷ் மோட்டார் அலறிக்கொண்டிருந்தது.

"மேஸ்திரி, மோட்டார கொஞ்சம் நிறுத்தச் சொல்லேன்."

"கையால பாக்குறதுக்கு மோட்டாரு இன்னாடா பண்ணுது?" என்றார் ஆதிகேசவன்.

துலுக்காணம் மூன்று எட்டு போட்டுக் குனிந்தான். மோட்டார் சத்தம்தான் கேட்டது. நான்காவது போட்டான், ஐந்தாவதும் போட்டான். தாள் நிறைய லட்சணமான எட்டுகள். குத்துமதிப்பாக ஒரு டப்பாவில் போட்டு, தப்பாகிவிட்டால் இந்த மேசையும் போச்சு.

கண்ணை மூடினான். முதலாளி பார்த்துக்கொண்டிருக்க, மை காயாத நிப்பைக் கீழுதட்டில் வைத்து மெதுவாக இழுத்தான்.

"இது கீறுது, மொதலாளி."

சரியாகத்தான் சொன்னான். ஆதிகேசவனின் பார்வை அவன் விரல்களில் வந்து நின்றது. அதைத் துலுக்காணமும் கண்டான். உதட்டைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, அடுத்த நிப்பை மையில் தோய்த்தான்.